விமானிக்குச் சம்பள பாக்கியா? போக வேண்டிய அலுவலகம் வேறு

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி, துணை விமானி. நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. பக்கத்தில் இருந்த தொழிலாளர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தான். மூன்றாவது முறை நானும் போனேன். கவுண்டரில் இருந்தவர் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மாசம் ரெண்டு லட்சம் வாங்குறவரெல்லாம் தொழிலாளியா சார்?" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார்.

அவர் சொன்னது தவறு. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை: அது அந்த அலுவலகத்தின் வேலையே அல்ல. விமானப் போக்குவரத்துத் தகராறுகள் மத்திய அரசின் கீழ் வருகின்றன. மனுவை மண்டலத் தொழிலாளர் ஆணையர் (மத்திய) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சென்னையில் அது சாஸ்திரி பவனில் இருக்கிறது. விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள், சம்பள பாக்கியை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை அல்ல.

சரி, இரண்டு லட்சம் வாங்குபவர் தொழிலாளியா? சட்டம் பார்ப்பது வேலையின் தன்மையை. சம்பள உச்சவரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டும்தான்: முன்பு 10,000 ரூபாய், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத்தில் 18,000. கம்பெனி இதைத்தான் பிடித்துக்கொள்ளும். கேப்டன் என்றால் மேற்பார்வையாளர் என்று வாதாடும். 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் விமானிகளைத் தொழிலாளர்களாகவே ஏற்றது. அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணையுங்கள். ஆனால் மற்றவர்களுக்கு விடுப்பு அனுமதிக்கும் நிர்வாகப் பதவியும் உங்களிடம் இருந்தால் சிக்கல்தான்.

கொஞ்சம் பணம் கொடுத்து "இனி பாக்கி எதுவும் இல்லை" என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் வழக்குகள் அப்படியே நின்றுவிடும். அப்புறம் கம்பெனி நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஏற்கும் இடைக்காலத் தீர்வு நிபுணரிடம் 'படிவம் டி'யில் கோரிக்கை கொடுக்க வேண்டும். அவர் நியமனமானதிலிருந்து 14 நாள் கெடு. அறிவிப்பு செய்தித்தாளில் வரும், தினமும் பாருங்கள்.

கம்பெனியை மூடிச் சொத்தை விற்றுக் கடன்களைத் தீர்க்கும் கலைப்பு வரை போனால் இன்னொரு பள்ளம். தொழிலாளிக்கு 24 மாத பாக்கிக்கும், மற்ற ஊழியருக்கு 12 மாதத்துக்கும்தான் முன்னுரிமை. அதுவும் கலைப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17இல் பறப்பதை நிறுத்தியது. கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7இல். அங்கிருந்து 24 மாதம் பின்னால் போனால் 2022 நவம்பர். உழைத்த மாதங்கள் எல்லாம் அதற்கு வெளியே!

அதனால் எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதாதீர்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள். ஜெட் வழக்கில் அவற்றை முழுமையாகத் தரச் சொன்ன கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2023இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது பறப்புப் படியை. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிவிட்டு, பறந்த மணிக்கான தொகையை விட்டுவிடுகிறார்கள். சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனதுமே ரோஸ்டர் (பணி அட்டவணை), சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு மாற்றிவிடுங்கள். கம்பெனி லாகின் எந்தக் காலையிலும் திறக்காமல் போகலாம். தம்பிக்கு அப்படித்தான் ஆனது. கையில் மிஞ்சியது, பறந்த நேரத்தை விமானியே குறித்து வைக்கும் லாக்புக் மட்டும். அதைப் பார்த்து ஒவ்வொரு பறப்பாக எழுதி, மணிக்கணக்கைக் கூட்டி முடிக்க எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.