பாசி எடுக்கிற அக்காவுக்கும் அரசு செலவில் வக்கீல் உண்டு

பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கிற ஓர் அக்கா, விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், பாலித்தீன் பையிலிருந்து ஒரு சம்மனை எடுத்து நீட்டினார். கடன் வாங்கும்போது எதுவும் எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அது இப்போது செக் பவுன்ஸ் கேஸாக வந்து நிற்கிறது. "வக்கீலுக்குக் குடுக்கக் காசு இருந்தா கடனையே கட்டியிருப்பேனே தம்பி" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்கு வக்கீல் வைக்கக் காசே வேண்டாம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 12ஆவது பிரிவைப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், புயல் வெள்ளத்தில் சிக்கியவர்கள் என்று, இலவசமாக வக்கீல் பெறக்கூடியவர்களின் வரிசை ஒன்று இருக்கிறது. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண் என்றால் பெண், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பெயரில் விசைப்படகே இருந்தாலும் சரி. இந்த வரிசையில் வராத ஆண்களுக்குத்தான் வரம்பு, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம். அதற்கும் பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே பொதுவாகப் போதும்.

மனுவை ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்கலாம், பக்கத்து வட்டச் சட்டப் பணிகள் குழுவிலும் கொடுக்கலாம். எழுதத் தெரியாதா, வாயால் சொல்லுங்கள், அங்கே எழுதிக்கொள்வார்கள். வழி தெரியாவிட்டால் 15100க்குப் போன் போடுங்கள். வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், நகல் எடுக்கிற செலவு எல்லாம் ஆணைக்குழு பொறுப்பு. அப்படி வந்த வக்கீல் தனியாக "செலவுக்கு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், ஆணைக்குழுவில் போய்ச் சொல்லுங்கள், ஆளை மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் மீனவர்களை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய் இலங்கையில் ஊர்காவற்றுறை கோர்ட்டில் நிறுத்துகிறார்களே, அங்கே இந்தச் சட்டம் செல்லாது. அது வேறு நாட்டு நீதிமன்றம்.

அப்புறம் மக்கள் நீதிமன்றம். செக் கேஸ், வங்கிக் கடன், விபத்து இழப்பீடு, வலையை அறுத்ததற்கான பணத் தகராறு மாதிரி பேசி முடிக்கக்கூடியவை அங்கே போகும். இன்னும் வழக்கே போடாத தகராறைக்கூடக் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை, ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கொலை மாதிரி சமரசத்துக்கு இடமில்லாத குற்றங்கள் மட்டும் அங்கே வராது.

ஆனால் அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்பு மாதிரிதான், மேல்முறையீடு கிடையாது. தொகை எவ்வளவு, எத்தனை தவணை, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த மாதங்களில் தவணை வைக்காதீர்கள் என்று கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுவிடுங்கள். அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். ஏற்கெனவே ஒருமுறை வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டவர் ஆயிற்றே.