எதிர்பார்ப்பு மதிப்பெண்ணாக மாறுவது எப்படி?

கயல், முகில் என்று இரண்டு மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே கணக்கு ஆசிரியர். போன தேர்வில் இருவரும் எடுத்தது 62. அடுத்த முறை 70 வாங்க வேண்டும் என்று கயலின் பெற்றோர் விரும்புகிறார்கள், வாங்கிவிடுவாள் என்றும் நம்புகிறார்கள். முகிலின் பெற்றோருக்கு 95 வேண்டும். ஆனால் மனதுக்குள், ‘இவனுக்கு 70 வந்தாலே பெரிய விஷயம்’ என்றுதான் நினைக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து யார் முன்னேறியிருப்பார்?

பெரிதாக எதிர்பார்த்தால்தான் பிள்ளை பெரிதாக வரும் என்பது பரவலான நம்பிக்கை. இதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. பெற்றோரின் ஈடுபாட்டுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து ஷீடாவ் ஃபானும் மைக்கேல் சென்னும் 2001-ல் அலசினார்கள். பிள்ளையின் கல்வி குறித்துப் பெற்றோர் வைத்திருக்கும் ஆசையும் எதிர்பார்ப்பும்தான் மதிப்பெண்ணோடு மிக வலுவாக ஒட்டி நின்றன. வீட்டில் கண்காணிப்பதற்கு, அதாவது டிவி பார்க்க எவ்வளவு நேரம், படிக்க எவ்வளவு நேரம் என்று கட்டுப்படுத்துவதற்கு, இருந்த தொடர்பு மிகப் பலவீனமானது.

சரி, இதில் எது முன்னே, எது பின்னே? நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் யார்தான் அதிகம் எதிர்பார்க்க மாட்டார்கள்? மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத்தான் எதிர்பார்ப்பே வளர்கிறது என்றும் சொல்லலாமே. ஒரே பிள்ளைகளைப் பல வருடங்கள் பின்தொடரும் ஆய்வுகளில் இரண்டு திசையிலும் போக்குவரத்து தெரிகிறது: மதிப்பெண் எதிர்பார்ப்பை மாற்றுகிறது, எதிர்பார்ப்பும் கொஞ்சம் மதிப்பெண்ணை மாற்றுகிறது. அந்தக் ‘கொஞ்சம்’ முக்கியம். 1968-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு பள்ளியில் சுமார் 20 சதவீத மாணவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ‘இவர்கள் இந்த வருடம் நன்றாக மலரப் போகிறார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் கூடியது என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஏற்றம் பெரும்பாலும் 1, 2-ம் வகுப்புச் சிறுவர்களிடம்தான் தெரிந்தது என்பதும், அளவீட்டு முறையைப் பலர் கடுமையாக விமர்சித்தார்கள் என்பதும் அந்த அளவுக்குப் பரவவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் ஆசிரியர் எதிர்பார்ப்பின் விளைவு சிறியதாகவே நின்றது. எதிர்பார்ப்பை மந்திரம்போல் விற்பவர்கள் இன்னும் அந்த ஒரு பள்ளியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

மந்திரம் இல்லை என்றால், பெற்றோரின் மண்டைக்குள் இருக்கும் ஒன்று விடைத்தாளில் எப்படி இறங்குகிறது? நடுவில் நிற்பது, பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு. ஜாக்குலின் எக்கிள்ஸும் சக ஆய்வாளர்களும் 1982-ல் இதைக் கணக்குப் பாடத்தில் பார்த்தார்கள். ‘எனக்குக் கணக்கு எவ்வளவு வரும்’ என்ற மாணவர்களின் எண்ணம், அவர்களுடைய பழைய மதிப்பெண்ணைவிடப் பெற்றோர் அவர்களைப் பற்றி நம்பியதோடுதான் நெருங்கிப் போனது. யோசித்தால் இதில் விசித்திரம் இல்லை. 62 என்பது வெறும் எண். அது நல்லதா, மோசமா, கஷ்டப்பட்டு வாங்கியதா, அதிர்ஷ்டமா என்று பொருள் சொல்வது வீட்டுப் பேச்சுதான். அந்தப் பொருளை வைத்துத்தான் பிள்ளை சின்னச் சின்ன முடிவுகளை எடுக்கிறது: வராத கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பதா விடுவதா, வகுப்பில் கை தூக்கிக் கேட்பதா வேண்டாமா, கடினமான பாடத்தை எடுப்பதா ஒதுங்குவதா. இந்த முடிவுகள் ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கில் சேரும்.

இப்போது முகிலிடம் வருவோம். கோ முராயாமாவும் ராய்ன்ஹார்ட் பெக்ரூனும் மற்றவர்களும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2002 முதல் 2007 வரை 3,530 மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் வருடா வருடம் பின்தொடர்ந்த தரவை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆய்வின் அழகு, பெற்றோரிடம் கேட்ட இரண்டு தனித்தனிக் கேள்விகளில் இருக்கிறது. பிள்ளை கணக்கில் என்ன தரம் வாங்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? என்ன தரம் வாங்க முடியும் என்று நம்புகிறீர்கள்? விருப்பம் உயர்ந்த வீடுகளில் பிள்ளைகள் காலப்போக்கில் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் விருப்பம் நம்பிக்கையைத் தாண்டிப் போன வீடுகளில் நிலைமை தலைகீழ். இடைவெளி அகல அகல, மதிப்பெண் இறங்கியது. 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோதும் இதே போக்குதான்.

ஆகவே முகிலுக்குச் சிக்கல் 95 என்ற எண்ணிலிருந்து மட்டும் வரவில்லை. அந்த எண்ணைக் கேட்கும் பெற்றோரே அவன் அதை எட்டுவான் என்று நம்பவில்லை. எட்ட முடியாத குறியை வைத்துவிட்டால் 62-லிருந்து 74-க்கு ஏறியதுகூடத் தோல்வியாகிவிடுகிறது. பெற்றோரின் பதற்றமும் கெடுபிடியும் கூடும், பிள்ளையின் பயமும் சலிப்பும் கூடும். இடைவெளி மதிப்பெண்ணை இறக்கும் வழிகளாக ஆய்வாளர்கள் சுட்டுவது இவற்றைத்தான்.

பயம் எப்படி மதிப்பெண்ணைத் தின்கிறது என்பது ஓரளவு நன்றாகவே ஆராயப்பட்ட விஷயம். கணக்குப் போடும்போது இடைவிடைகளை, சூத்திரத்தை, அடுத்த படியை மனம் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதற்குச் செயல்நினைவு என்று பெயர். இது மிகச் சிறிய மேசை, ஒரே நேரத்தில் சில பொருட்கள்தான் கொள்ளும். ‘வீட்டுக்குப் போனால் என்ன சொல்வார்கள்’ என்ற நினைப்பு அதில் வந்து உட்கார்ந்தால் கணக்குக்கு இடம் குறைந்துவிடும். தெரிந்த கணக்கே தேர்வறையில் வராமல் போவது இதனால்தான். ஜெரார்டோ ராமிரெஸும் சயன் பெய்லாக்கும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் கவலைகளைத் தாளில் எழுதிய பதற்றக்கார மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள்.

அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் பழக்கம். நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009-ல் நடுநிலைப் பள்ளி வயது மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, படிப்பின் பயனைப் பேசுவது, எதிர்காலத் திட்டத்தோடு அதை இணைப்பது போன்றவற்றுக்குத்தான் மதிப்பெண்ணோடு வலுவான தொடர்பு இருந்தது. வீட்டுப்பாட உதவி எதிர்த் திசையில் நின்றது. தடுமாறும் பிள்ளைக்குத்தானே உதவி போகும், அதனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எரின் மலோனியும் சக ஆய்வாளர்களும் 2015-ல் இன்னும் குறிப்பான ஒன்றைக் காட்டினார்கள். கணக்கைக் கண்டாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருடம் கணக்கைக் குறைவாகக் கற்றார்கள், கணக்கு மீதான பயமும் கூடியது. அதே பெற்றோர் அடிக்கடி உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை.

பதற்றம் தொற்றும் என்றால், பெற்றோர் மனதில் உள்ள வேறு எதெல்லாம் பிள்ளைக்குத் தெரிகிறது? கைலா ஹைமோவிட்ஸும் கேரல் டுவெக்கும் 2016-ல் இதைக் கேட்டார்கள். அறிவுத்திறன் வளரக்கூடியது என்று பெற்றோர் நம்புகிறார்களா, இல்லையா? பிள்ளைகளால் இதைச் சரியாக ஊகிக்க முடியவில்லை. தோல்வி என்பது கற்க ஒரு வாய்ப்பு என்று நினைக்கிறார்களா, கேடு என்று நினைக்கிறார்களா? இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குறைந்த மதிப்பெண் வந்தபோது பிள்ளையின் திறமையைப் பற்றிக் கவலைப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளே, திறமை மாறாத ஒன்று என்று நம்பினார்கள். அந்தப் பெற்றோரில், ‘முயன்றால் அறிவு வளரும்’ என்று மனதார நம்பியவர்களும் இருந்தார்கள்.