மேற்குன்று என்கிற சுப்பீரியர் காலிகுலஸ்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நின்று கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். எங்கோ பார்த்தபடி சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கின் கண் சட்டென்று உங்கள் கைக்குத் தாவும். அந்தத் தாவலில் பெரும்பங்கு நடுமூளையில் உள்ள ஒரு சோடிப் புடைப்புக்கு. அதுதான் சுப்பீரியர் காலிகுலஸ்.

இலத்தீனில் 'காலிஸ்' என்றால் குன்று. 'காலிகுலஸ்' சின்னக் குன்று. நடுமூளையின் முதுகுப்புறம் இப்படி நான்கு உண்டு. மேலே இருக்கும் இரண்டும் பார்வைக்கு, கீழே இருக்கும் இரண்டும் கேட்பதற்கு. 'சுப்பீரியர்' இங்கே இடத்தைத்தான் சொல்கிறது, தரத்தை அல்ல. தமிழில் 'உயர்' என்று பெயர்த்தால் வேறு பொருள் வந்துவிடும், 'மேல்' போதும்.

சரி, காலிகுலஸுக்கு எந்தச் சொல்? சேலத்தைச் சுற்றிக் கஞ்சமலை, ஜருகுமலை, நாமமலை என்று எல்லாம் மலைதான். சின்னதாய்ப் பாறையாய் நின்றால் கரடு. ஆனால் இந்தப் புடைப்பு வழவழப்பானது, கரடு ஒட்டாது. குன்று பொருந்துகிறது. குன்றுதல் என்றாலே சிறுத்தல், ஆகவே 'சிறு' என்று முன்னால் சேர்ப்பதும் மிகை. மேற்குன்று, கீழ்க்குன்று. முடிந்தது.

மேற்குன்றின் உள்ளே அடுக்கடுக்காய் நரம்பணுக்கள். விழித்திரையிலிருந்து வரும் இழைகள் மேலடுக்குகளில் வந்து அங்குள்ள அணுக்களோடு சினாப்ஸ் போடுகின்றன, அதாவது செய்தி கைமாறும் இணைப்பை உண்டாக்குகின்றன. சினாப்ஸ் என்பது 1897இல் ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்; கிரேக்கத்தில் 'சேர்த்துப் பற்றுதல்'. தமிழில் நரம்பிணைவு எனலாம். இங்கே குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அடுத்த அணுவைத் தூண்டும், பக்கத்து அணுக்கள் விடும் காபா என்ற வேதிப்பொருள் அடக்கும். அப்புறம் ஆழடுக்குகள்: அங்கே ஒலியும் தொடுகையும் வந்து சேர, கண்ணைத் திருப்பும் கட்டளை மூளைத்தண்டுக்குப் போகிறது.

இந்த அடுக்குகளில் பார்வைப் புலத்தின் வரைபடமே விரிந்திருக்கிறது. முன்பகுதி பார்வையின் நடுவுக்கு, பின்பகுதி ஓரத்துக்கு. இடப்பக்கக் குன்று வலப்பாதியைக் கவனிக்கும். 1972இல் டேவிட் ராபின்சன் என்ற ஆய்வாளர் குரங்கின் மேற்குன்றில் மெல்லிய மின்துடிப்பைக் கொடுத்தார். மின்முனை இருந்த இடத்தைப் பொறுத்து, கண் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் தாவும் என்பது மாறியது.

குரங்கில் விழித்திரை இழைகளில் பெரும்பகுதி தாலமஸ் என்ற மூளையின் இடைநிலையம் வழியாகப் பெருமூளைக்குப் போகிறது. சுமார் 10 சதவீதமே மேற்குன்றுக்கு வருகிறது. தவளைக்கும் மீனுக்கும் பார்வையின் தலைமையிடமே இதுதான். அவற்றில் இதன் பெயர் ஆப்டிக் டெக்டம். டெக்டம் என்றால் கூரை. அதைப் பார்வைக் கூரை என்றே எழுதலாம்.