அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

போன வாரம் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒருவரை வேனில் படுக்கவைத்துக் கூட்டி வந்தார்கள். தென்னை ஏறுகிறவர். கஜா புயல் சாய்த்தது போக மிச்சமிருந்த மரங்களில் ஒன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்தார். முதுகெலும்பு நொறுங்கி, தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஆனால் ராத்திரியானால் இரண்டு பாதமும் எரியும். “மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு சார்” என்பார்.

தை அறுவடை சமயத்தில் அந்த எரிச்சலுக்காக அவருக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை 10 மி.கி. இரவுக்கு ஒன்று என்று ஆரம்பித்து, மெதுவாக 25-க்கு ஏற்றினேன். ஆறாவது வாரம் வந்தபோது, “அஞ்சு மணி நேரம் தூங்குறேன் சார்” என்றார். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தூங்கினாலே பெரிய விஷயம். அப்புறம் நான்கு மாதம் ஆளையே காணோம்.

இப்போது வந்தபோது வலது பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்த புண். என்ன நடந்தது என்று அவர் மனைவிதான் சொன்னார். மாத்திரை வாங்கப் போன கடையில், “இது மெண்டல் மாத்திரையாச்சே, இவருக்கு எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் போனில் பெயரை அடித்துப் பார்த்தார். மனச்சோர்வுக்கான மருந்து என்று வந்தது. அன்றோடு மாத்திரை நின்றது. எரிச்சல் திரும்பியதும் மாமியார் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். சூடே தெரியாத காலில்.

இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

“எனக்குப் பைத்தியம்னு நினைச்சுக் குடுத்தீங்களா சார்?” என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மரத்துப்போன காலில் வலி என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. சொந்தக்காரர்கள் வந்து காலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “தெரியலைங்கிற, அப்புறம் எங்கே வலி?” என்பார்கள். அதற்கு மேல் டாக்டரும் மனநோய் மாத்திரை எழுதினார் என்றால், வலியே கற்பனை என்று சீட்டில் எழுதிக் கொடுத்த மாதிரிதானே?

ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். வலி நிஜம். தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த நரம்பு வலி வருகிறது. காலில் கோளாறு இல்லை. காலிலிருந்து செய்தி போகிற வழியில் கோளாறு. அறுந்து தொங்குகிற கரண்டு கம்பி பொறி தட்டுவதுபோல, சேதமான நரம்புகள் தாமாகவே செய்தி அனுப்புகின்றன. எரிச்சல், கரண்டு அடிப்பது, எறும்பு ஊர்வது என்று ஆளுக்கு ஒரு விதமாகத் தெரியும்.

மாத்திரைக்கு வருவோம். ஒரு மருந்துக்கு ஒரு வியாதிதான் என்று யார் சொன்னது? ஆஸ்பிரின் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வந்த மருந்து. இன்று நம் தெருவில் பாதிப் பெரியவர்கள் அதையே 75 மி.கி. அளவில் இதயத்துக்காகச் சாப்பிடுகிறார்கள். “எனக்குத் தலைவலி இல்லையே” என்று யாரும் தூக்கிப் போடுவதில்லை. ப்ரீகாபலின் கொடுத்தால் “நரம்பு மாத்திரை” என்று மரியாதையாக வாங்கிக்கொள்கிறார்கள். அது வலிப்பு மருந்துக் குடும்பம். “எனக்கு வலிப்பா?” என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. அமிட்ரிப்டிலின் 1961-ல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கென்று அனுமதி பெற்றது. நரம்பு வலிக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருகிறோம். டுலாக்செட்டின் 2004-ல் ஒரே ஆண்டில் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்கும் அங்கே அனுமதி பெற்றது. அளவையும் பாருங்கள். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் 75 மி.கி.க்கு மேல் வேண்டும். வலிக்கு 10-லும் 25-லும் ஆரம்பிக்கிறோம்.

எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களிடம் மதகைத்தான் காட்டுவேன். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மதகில் நிற்கிற லஸ்கர் கையில். வலிச் செய்திக்கும் தண்டுவடத்தில் அப்படி ஒரு மதகு உண்டு. “இறக்கு” என்று மூளையிலிருந்து உத்தரவு கொண்டுவருபவை நார்அட்ரினலின், செரடோனின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள். அந்த உத்தரவு சீக்கிரம் கரைந்துபோகாமல் மாத்திரை பார்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

“தண்டுவடமே அறுந்துபோயிருந்தா உத்தரவு எப்படி சார் கீழே வரும்?” என்று மன்னார்குடிப் பக்கத்து ஐ.டி.ஐ. பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பெரும்பாலான காயங்களில் தண்டுவடம் அறுவதில்லை, நசுங்குகிறது. சில இழைகள் மிஞ்சும். மருந்து மூளையிலும் வேலை செய்கிறது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்பதில்லை என்பதை மறைக்க மாட்டேன். எல்லா வகை நரம்பு வலியையும் சேர்த்துப் பார்த்தால், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய ரக மாத்திரைகளால் நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. தண்டுவடக் காயத்தில் கணக்கு இன்னும் மந்தம். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை; மனச்சோர்வும் சேர்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. இந்த வலிக்கென்றே 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது ப்ரீகாபலின்தான். பலருக்கு அதிலிருந்தே ஆரம்பிக்கிறோம். தென்னை ஏறுகிறவருக்கு அது மயக்கமாக வந்து ஒத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒரு ‘நரம்பு ஊசி’ என்று வைட்டமின் போட்டுக்கொள்வதும், டைக்ளோபினாக் என்ற வலி மருந்தைப் போட்டு வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வதும் இந்த வலியைத் தொடக்கூடத் தொடாது. அதற்குச் செலவழிக்கும் காசுக்கு ஒரு நல்ல தண்ணீர் மெத்தை வாங்கலாம்.

இனி, கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு “கேட்கலை” என்று வராதீர்கள். இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தவும் கூடாது: குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். அதைப் பார்த்துவிட்டு “பழக்கமாயிடுச்சு” என்று பேசுகிறார்கள். போதைப் பழக்கம் வேறு, இது வேறு.

வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் தேங்கும். ஏற்கெனவே குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. சிறுநீரின் அளவு குறைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது சட்டென்று தூக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். இதய நோய், கண் அழுத்த நோய் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது டிரமடால் என்ற வலி மருந்தை எழுதியிருந்தால் அந்தச் சீட்டையும் கொண்டுவாருங்கள். சேர்த்துச் சாப்பிட்டால் வலிப்புவரை போகலாம். சரக்கு வேண்டவே வேண்டாம்.

மாத்திரை அட்டை குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயம் தடுமாறி உயிர் போகும். நோயாளிக்கே வாழ்க்கை வெறுத்துப் பேச்சு வந்தால், அதுவும் இருபத்தைந்து வயதுக்குள் என்றால், மாத்திரைப் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொண்டு உடனே என்னிடம் சொல்லுங்கள். மரம் ஏறிக் குடும்பம் நடத்தியவர் படுத்த படுக்கையானால் மனம் சோரத்தான் செய்யும். அதற்குத் தனியாகப் பார்க்கணும். வலிக்குக் கொடுக்கிற அளவு அதற்குப் போதாது.

அடங்கியிருந்த வலி திடீரென்று கூடினால் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். சிறுநீரில் கிருமியா, குழாய் அடைப்பா, படுக்கைப் புண்ணா என்று முதலில் பாருங்கள். பல தடவை அங்கேதான் காரணம் இருக்கும்.

ஒத்தடம்: உப்போ, தவிடோ, வெந்நீர்ப் பையோ, உணர்வில்லாத இடத்தில் வைக்கவே கூடாது. இதை எத்தனை தடவை சொல்வது!

மருந்துக் கடை அண்ணன்மார்களே, உங்கள் வாய்ச்சொல்லுக்கு எங்கள் சீட்டைவிட மதிப்பு அதிகம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் நோயாளியிடம் சொல்லாமல் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

இவருக்குப் புண் ஆற இன்னும் ஒரு மாதமாவது ஆகும். மறுபடி 10 மி.கி.யிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை சீட்டில் மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் ‘நரம்பு வலிக்கு’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். தை மாதமே எழுதியிருக்க வேண்டும்.