ஒரே குண்டில் ஒரு மூட்டை: தூக்குக்கோல் எடை சொல்லும் விதம்

பழைய பண்ணை வீடு ஒன்று அருங்காட்சியகமாகும்போது ஏரும் வண்டியும் நடுக்கூடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தூக்குக்கோல் துருவேறிச் சுவரோரம் தொங்கும். அந்த வீட்டிலேயே முதலில் பார்க்க வேண்டிய பொருள் அதுதான் என்பேன். வயலில் விளைந்தது காசாக மாறிய இடம் அந்தக் கோலின் கொக்கி.

நீண்ட இரும்புக் கோல். அதைத் தொங்கவிடும் ஆதாரப்புள்ளி நடுவில் இல்லை, ஒரு முனையை ஒட்டி இருக்கிறது. குட்டைப் பக்கத்துக் கொக்கியில் மூட்டை. நீண்ட பக்கத்தில் நகர்த்தக்கூடிய ஒரே ஒரு குண்டு. படிக்கற்களே தேவையில்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பொம்பெய் நகரத்திலும் இத்தகைய கோல்கள் கிடைத்திருக்கின்றன.

எடையை ஆதாரப்புள்ளியிலிருந்து அதன் தொலைவால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். இரு பக்கமும் அது சமமானால் கோல் கிடையாக நிற்கும். கொக்கி 4 செ.மீ. தொலைவில் இருக்கிறது, குண்டு 1 கிலோ என்று கொள்வோம். 10 கிலோ மூட்டைக்குக் குண்டை 40 செ.மீ. நகர்த்த வேண்டும்; 5 கிலோவுக்கு 20 செ.மீ. போதும். எடை கூடும் அளவுக்கே தொலைவும் கூடுவதால் கோடுகள் சம இடைவெளியில் அமைகின்றன. கோலுக்கும் கொக்கிக்கும் சொந்த எடை உண்டே? அது சுழியம் தொடங்கும் இடத்தை மட்டும் தள்ளிவைக்கும், இடைவெளியைத் தொடாது. ஆகவே கோல் செய்தவர் வெறும் கொக்கியோடு ஒரு முறை, தெரிந்த எடையோடு ஒரு முறை நிறுத்திக் குறித்துக்கொண்டால் போதும். மற்றக் கோடுகளைச் சமமாகப் பிரித்துவிடலாம்.

என்னை மிகவும் ஈர்ப்பது இதற்கு அடுத்த படி. மெட்ரிக் முறை பரவுவதற்கு முன் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் எடை அலகு மாறியது. கணக்கேடுகள் அழிந்தாலும் கோல் அந்த அலகைக் காத்து வைத்திருக்கிறது. குண்டின் எடையைக் கோடுகளின் இடைவெளியால் பெருக்கி, கொக்கியின் தொலைவால் வகுத்தால் அலகு கிடைத்துவிடும். அதே 1 கிலோ குண்டு, 40 மி.மீ. தொலைவு, இடைவெளி 19.6 மி.மீ. என்றால் அலகு 490 கிராம், ஏறக்குறைய பாரிஸின் பழைய எடை அலகான லீவ்ர் (livre). இடைவெளி 18.1 மி.மீ. என்றால் சுமார் 453 கிராம், ஆங்கிலேய பவுண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டு நாடுகளின் சந்தை.

இந்தக் கணக்கு குண்டு அசலாக இருந்தால்தான் செல்லும். கனமான குண்டைக் கோர்த்தால் சிறிது நகர்த்தினாலே கோல் சமநிலைக்கு வந்துவிடும், மூட்டை குறைவாகக் காட்டும். கொள்முதல் செய்பவருக்கு லாபம், உழவருக்கு நட்டம். துருவால் குண்டு இளைத்தால் நேர்மாறாக, எடை கூடுதலாகத் தெரியும். இப்படி வரும் பிழை சரக்கின் எடையோடு சேர்ந்து வளரும். கொக்கியைக் கழற்றி அதே இடத்தில் வேறொன்றை மாட்டியிருந்தால் பிழை எல்லா எடையிலும் ஒரே அளவாக இருக்கும். எனவே தெரிந்த எடைகள் இரண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாலே, கோலில் மாற்றப்பட்டது குண்டா கொக்கியா என்பதைக் காப்பாளர் கண்டுபிடித்துவிடலாம்.