சிறிய காரில் ஏர் ஃபில்டர், சைலன்சர் மாற்றம்: மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது என்ன?

குறைந்த செலவில் சிறிய கார் எஞ்சினின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கைவைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, காற்று உள்ளே வரும் வழி. மற்றொன்று, புகை வெளியேறும் வழி. இவற்றை மாற்றலாமா என்று கேட்டால், "சி.சி. மாறவில்லை, எஞ்சின் எண் மாறவில்லை, ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எதுவும் மாறவில்லை, பிறகு என்ன தடை?" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. இந்த வாதம் மோட்டார் வாகனச் சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவது. அந்தப் பிரிவுக்கு வெளியே, இரைச்சலையும் புகையையும் தனியாக அளக்கும் விதிகள் இருக்கின்றன, ஆர்.சி.யில் ஓர் எழுத்துகூட மாறாத காரும் அவற்றின் கீழ் குற்றத்துக்கு உள்ளாகலாம்.

அந்த முதற்பிரிவு, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். இப்பிரிவைப் பொறுத்தவரை "மாற்றம்" என்பது வாகனத்தின் அடிப்படை இயல்பையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று அதன் விளக்கக் குறிப்பு வரையறுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்ற இயலாது என்று இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அந்தத் தீர்ப்பு வந்தபின் "இனி எந்த உதிரிபாகத்தையும் மாற்ற முடியாது" என்று ஒரு பேச்சு பரவியது, அது மிகை. தேய்ந்த பாகத்தைக் கழற்றிவிட்டு அதே அளவும் அதே வேலையும் கொண்ட பாகத்தைப் போடுவது பராமரிப்பு. அதை 52ஆம் பிரிவு தொடுவதில்லை.

ஏர் ஃபில்டர் அந்தப் பராமரிப்பு வகையில்தான் வருகிறது. தொழிற்சாலைப் பெட்டிக்குள்ளேயே, காகித ஃபில்டர் இருந்த இடத்தில், அதே அளவில் கழுவிப் பயன்படுத்தக்கூடிய பருத்தி ஃபில்டரைப் பொருத்தினால், கட்டமைப்பு மாறுவதில்லை. இரைச்சலும் புகையும் குறிப்பிடும்படி மாறுவதில்லை. ஆனால் அதனால் கிடைக்கும் திறனும் பெரிதாக இருக்காது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது எஞ்சினுக்குள் போகும் காற்றை மட்டுப்படுத்துவது த்ராட்டில் வால்வே தவிர ஃபில்டர் அல்ல. ஃபில்டரின் தடை ஓரளவு உணரப்படுவதெல்லாம் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போது மட்டும்தான். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினில், அழுக்கேறிய பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதிய காகித ஃபில்டரைப் போட்டாலே அந்தப் பலனில் பெரும்பகுதி வந்துவிடும். பருத்தி ஃபில்டரில் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, அது காற்றோட்டத்தை அளக்கும் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து, எஞ்சின் விளக்கு எரிந்த பிறகு மெக்கானிக்கைத் தேடுவோரும் உண்டு.

பெட்டியையே எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரைப் பொருத்துவது வேறு கதை. தொழிற்சாலைக் குழாய், பெரும்பாலான கார்களில், முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும்படி அமைந்திருக்கிறது. எஞ்சின் அறைக்குள் திறந்து நிற்கும் கூம்போ ரேடியேட்டரின் வெந்த காற்றை உறிஞ்சுகிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது திறன் கூடாது, குறையவே செய்யும். கூடியது போல் தோன்றுவதற்குக் காரணம் ஓசை. கழற்றி எறியப்பட்ட பெட்டியும் அதனுடன் இணைந்த ரெசனேட்டரும் காற்றை உறிஞ்சும்போது எழும் இரைச்சலை அடக்குவதற்காகவே அங்கே வைக்கப்பட்டவை. சட்டம் அளப்பது கார் மொத்தமாக எழுப்பும் இரைச்சலை என்பதால், அந்தப் பெட்டியை எடுப்பதும் இரைச்சல் விதியோடு சம்பந்தப்பட்ட செயலாகிவிடுகிறது.

இனி சைலன்சர். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் வெளியேறும் புகையின் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் ஒரு சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது. இரைச்சலுக்கான எண்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இல் உள்ளன. ஓட்டுநர் உட்பட ஒன்பது இருக்கைகளுக்கு மேற்படாத பயணிகள் வாகனத்துக்கு, 2005 ஏப்ரல் முதல், உற்பத்தி நிலைச் சோதனையில் 74 டெசிபல் என்பது வரம்பு. டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது, 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகக் கேட்கிறது. எனவே உள்ளே தடுப்பறைகள் இல்லாத நேர்வழி மஃப்ளர் (ஓசையை அடக்கும் சைலன்சர் பெட்டி) ஒன்றைக் கடைசிப் பகுதியில் மட்டும் மாற்றினால்கூட, காருக்கு ஒப்புதல் வாங்கிக்கொடுத்த அந்த எண்ணைத் தாண்டிவிட வாய்ப்பு மிகுதி. ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை பொறித்த சைலன்சர் என்று விற்பவர் சொல்லலாம். வாகனப் பாகங்களுக்கான ஒப்புதலைப் பரஸ்பரம் ஏற்கும் 1958ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், அந்த முத்திரை மட்டும் இங்கே சட்ட ஒப்புதல் ஆகிவிடாது.

குழாய் எங்கே போகிறது என்பதற்கும் விதி உண்டு. புகை கீழ்நோக்கியோ இடப்புறமாகவோ வெளியேறாமல் பின்பக்கமோ வலப்பக்கமோ போக வேண்டும் என்பது, சில விலக்குகளுடன், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 112ஆம் விதி. எரிபொருள் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் புகைக்குழாய் அமையக்கூடாது என்பது 113ஆம் விதி. வெல்டிங் பட்டறையில் வளைத்துப் போடும் குழாய்களில் இந்த 35 மில்லிமீட்டரை யாரும் அளந்து பார்ப்பதில்லை. தீப்பிடிக்கும் ஆபத்தைத் தடுக்க வந்த விதி இது என்பதால், அளந்து பார்ப்பது உரிமையாளருக்கே நல்லது.

எஞ்சினிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நீண்ட குழாய்கள் கொண்ட ஹெடரைப் பொருத்துவதில் திறன் ஓரளவு கூடுவது உண்மை. ஆனால் அண்மைக்காலச் சிறிய கார்கள் பலவற்றில், புகையிலுள்ள நச்சு வாயுக்களை வேதிவினையால் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டுக்கு ஒட்டியே அமைந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் அது விரைவில் சூடேறி வேலை தொடங்க வேண்டும் என்பதே அந்த அமைப்புக்குக் காரணம். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை அதற்குள் இருக்கும் வினையூக்கி சரிவர இயங்காது. ஹெடரைப் போட அதைக் கழற்றினாலும், கீழே தள்ளி வைத்தாலும், கார் ஒப்புதல் பெற்ற மாசு நிலை குலைகிறது. பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகை மாசுத் தரம் 2020 ஏப்ரல் 1 முதலும், அதன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் கட்டக் காரில் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்பதை வண்டியே கண்காணிக்கிறது. அந்தக் கண்காணிப்பை ஏமாற்ற எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வை ரீமேப் செய்வது, அதாவது அதன் மென்பொருளை மாற்றுவது, முதல் மீறலை மறைக்கச் செய்யும் இரண்டாவது மீறல்தான்.

"மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று வாங்கிவிட்டேன், ஆகவே எல்லாம் சரி" என்பது பரவலான இன்னொரு தவறான எண்ணம். 115ஆம் விதியின்படி, பதிவாகி ஓராண்டு முடிந்த வாகனங்களுக்குத் தேவைப்படும் அந்தச் சான்றுக்கான சோதனை, நின்றபடி ஓடும் பெட்ரோல் எஞ்சினின் புகையில் சில வாயுக்களை மட்டும் அளக்கிறது. பி.எஸ்.-4, பி.எஸ்.-6 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) அளவையும் தாண்டக்கூடாது. கன்வெர்ட்டர் இல்லாத கார் இந்த வரம்புக்குள் நிற்பது கடினம். ஆனால் இரைச்சலை அந்தச் சோதனை கேட்பதே இல்லை. எனவே செல்லத்தக்க சான்றைக் கையில் வைத்திருப்பவரும் சைலன்சருக்காகத் தண்டிக்கப்படலாம்.

தண்டனைப் பிரிவுகள் இரண்டு, அவை தனித்தனியாக இயங்குபவை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, சட்டமோ விதியோ அனுமதிக்காத வகையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். சைலன்சர் ஒன்று, ஹெடர் ஒன்று என எண்ணிக்கை கூட இடம் இருக்கிறது. 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவோ, சாலைப் பாதுகாப்பு, இரைச்சல், காற்று மாசு ஆகியவற்றின் தரத்தை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுபவர், ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என மூவரையும் பிடிக்கிறது. முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அவற்றோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. மாற்றத்தைச் செய்தவர் யார் என்று இந்த உட்பிரிவு கேட்பதில்லை. ஆகவே முந்தைய உரிமையாளர் போட்ட சைலன்சருடன் பழைய கார் ஒன்றை வாங்கியவரும், நண்பரின் காரை ஒரு நாள் இரவல் ஓட்டியவரும் இதற்குள் வருவார்கள்.

பட்டறை நடத்துபவருக்கும் இதில் பங்கு உண்டு. சட்டத்தின் சொற்பொருள் பிரிவில் "டீலர்" என்ற சொல் வாகனம் பழுதுபார்ப்பவரையும் உள்ளடக்குகிறது. விதிக்கு முரணாக வாகனத்தை மாற்றித்தரும் டீலருக்கு 182ஏ பிரிவின் முதல் உட்பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

அனுமதி கேட்டுப் பெற வழியே இல்லையா என்றால், சிலவற்றுக்கு உண்டு. சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்ற வேறு எரிபொருளில் ஓட, ஒப்புதல் பெற்ற கிட்டைப் பொருத்தி ஆர்.சி.யில் பதிந்துகொள்ள 52ஆம் பிரிவே இடம் தருகிறது. மத்திய அரசு தர அளவும் நிபந்தனையும் வகுத்துள்ள மாற்றங்களுக்காக உற்பத்தியாளரின் வாரண்டி செல்லாததாகக் கருதப்படக்கூடாது என்றும் 2019 திருத்தம் சேர்த்தது. செயல்திறன் கூட்டும் சைலன்சருக்கும் ஹெடருக்கும் இதற்கு நிகரான தனி வழி சட்டத்தில் இல்லை. ஆகவே அந்த வாரண்டிப் பாதுகாப்பை அவற்றுக்கும் சேர்த்துப் படிக்கக்கூடாது. காப்பீட்டிலும், நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்கவோ குறைக்கவோ வாதமாகலாம்.

190ஆம் பிரிவு பேசுவது பொது இடத்தைப் பற்றி என்பதால், கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள பந்தயத் தடங்களுக்குள் ஓடும் கார்களின் நிலை வேறு. அத்தகைய கார்களை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றம் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது என்றால், 53ஆம் பிரிவையும் அறிந்திருக்க வேண்டும். சட்டமோ விதியோ கோரும் நிலையில் வாகனம் இல்லை என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கருதினால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டபின், குறை நீங்கும்வரை பதிவை நிறுத்திவைக்கலாம். குறை நீங்குவது என்பது நடைமுறையில் பழைய சைலன்சரையும் கன்வெர்ட்டரையும் திரும்பப் பொருத்திக் காரைக் காட்டுவதுதான். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால், கழற்றியதைப் பட்டறையிலேயே விட்டுவரும்படி கேட்கப்படுவது வழக்கம். புதியது வாங்க வேண்டிய நிலை வந்தால், மாற்றத்துக்குச் செலவிட்ட தொகையை அது எளிதில் மிஞ்சிவிடும் என்பதால், கழற்றிய பாகத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.