முன்கூட்டியே பேசி முடித்த பேட்டிக்கு ஏன் சிரிக்கிறோம்?

1965இல் ஜானி கார்சன் நடத்திய 'தி டுநைட் ஷோ' என்ற அமெரிக்க இரவு நேரப் பேட்டி நிகழ்ச்சிக்கு எட் ஏம்ஸ் என்ற நடிகர் விருந்தினராக வந்தார். ஒரு தொடரில் அமெரிக்கப் பழங்குடி இளைஞராக நடித்துக்கொண்டிருந்தவர் என்பதால், கைக்கோடரி வீசுவது எப்படி என்று காட்டச் சொன்னார்கள். மேடையில் ஒரு மரப்பலகை, அதில் கௌபாய் ஒருவனின் உருவம். ஏம்ஸ் வீசிய கோடரி பலகையில் நன்றாகவே குத்தி நின்றது. குத்திய இடம்தான் வில்லங்கம்: உருவத்தின் தொடைகளுக்கு நடுவே, கைப்பிடி மேல்நோக்கி நிமிர்ந்தபடி. அரங்கம் வெடித்துச் சிரித்தது. கூச்சத்தில் ஏம்ஸ் கோடரியைப் பிடுங்கப் போனார். கார்சன் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கும்வரை சும்மா நின்றார். இறங்கியதும் ஒரு வரி சொன்னார், மறுபடி ஏறியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிக நீண்ட அரங்கச் சிரிப்புகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள்.

கோடரி அங்கே போய்க் குத்தியது தற்செயல். கையைப் பிடித்தது அனுபவம். இப்படி இரவில் ஜோக்கும் நட்சத்திரப் பேட்டியுமாக ஓடும் லேட் நைட் ஷோ என்ற அமைப்பே இந்த அனுபவத்தின் மேல்தான் நிற்கிறது. அங்கே ஜோக்குகள் தயாராகின்றன என்று நினைக்கிறோம். ஜோக் மூலப்பொருள் மட்டும்தான். அவர்கள் தயாரிப்பது சிரிப்பு, அதுவும் கூட்டமாகச் சிரிக்கும் சிரிப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால், இந்த நிகழ்ச்சிகளில் ஏன் எல்லாம் இப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

அந்த வித்தியாசத்தை எண்ணிக் காட்டியவர் ராபர்ட் புரோவைன் என்ற நரம்பியல் ஆய்வாளர். அவரும் மாணவர்களும் கடைத்தெரு, கல்லூரி நடைபாதை என்று அலைந்து, மனிதர்கள் இயல்பாகச் சிரிக்கும் 1,200 தருணங்களைக் குறித்துவைத்தார்கள். அவற்றில் ஜோக் என்று சொல்லத் தக்க எதையாவது கேட்டுச் சிரித்தது 10 முதல் 20 சதவீதம்தான். மீதியெல்லாம் 'சரி, அப்புறம் பார்க்கலாம்' வகைச் சாதாரணப் பேச்சு. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரிக்கிறார். தனியாக இருப்பதைவிடக் கூட யாராவது இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம். சிரிப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில் புகுவதில்லை, முடிவில்தான் வந்து உட்காருகிறது. ஒரு 'ஹா'வின் நீளம் ஏறக்குறைய 75 மில்லி விநாடி. ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க ஏறக்குறைய 210 மில்லி விநாடி.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு லேட் நைட் அரங்கத்துக்குள் போவோம்.

நியூயார்க்கில் இரவு 11:35க்கு ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை அன்று மாலை 5 மணி வாக்கிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். நுழைவுச்சீட்டு இலவசம். இருக்கைகளைவிட அதிகமான சீட்டுகளைக் கொடுப்பது வழக்கம், ஏனென்றால் காலி நாற்காலி சிரிப்பைக் கெடுக்கும். வரிசையில் கால்கடுக்க நின்று உள்ளே வந்தவர்கள் ஏற்கெனவே சிரிக்க முடிவுசெய்தவர்கள். கேமரா ஓடத் தொடங்கும் முன் ஒரு நகைச்சுவையாளர் வந்து கூட்டத்தைச் சூடேற்றுவார். 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்று கேட்டு, பக்கத்து இருக்கைக்காரரைக் கலாய்த்து, முன்பின் தெரியாத சில நூறு பேரை அரை மணி நேரத்துக்குள் ஒரே கூட்டமாக்கிவிடுவார். சூடேற்றுவது பேச்சில்தான். அறையைக் குளிரவைப்பார்கள். டேவிட் லெட்டர்மேன் என்ற தொகுப்பாளர் தன் அரங்கத்தை எப்போதும் ஜில்லென்று வைத்திருந்தது பிரசித்தம். வெதுவெதுப்பில் கூட்டம் சோம்பிவிடும் என்பது அந்தத் தொழிலில் பலரின் நம்பிக்கை.

கூட்டத்தை ஒன்றாக்குவது வெறும் மரியாதைக்கு அல்ல. ஆஸ்திரேலியாவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு நகைச்சுவை ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் கேட்கும் சிரிப்பு தங்கள் பல்கலைக்கழக மாணவர்களுடையது என்று நம்பியவர்கள் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். தங்களுக்கு ஆகாத அரசியல் கட்சிக்காரர்களின் சிரிப்பு அது என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அளவுக்குச் சிரிக்கவில்லை. ஒலி என்னவோ ஒன்றுதான். 'நம்மாள் சிரிக்கிறான்' என்பதே தொற்று.

உடம்புக்குள் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பார் குழுவினர் 2012இல் வெளியிட்ட சோதனைகளில், வைன் பாட்டிலைக் குளிரவைக்கும் உறையை உறையவைத்துக் கையில் மாட்டிவிட்டு, எவ்வளவு நேரம் வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களின் தாங்கும் திறன் கூடியது. வலியை மட்டுப்படுத்தும் எண்டார்ஃபின் உடம்பில் சுரப்பதன் அடையாளம் இது என்றார்கள். 2017இல் பின்லாந்து ஆய்வாளர்கள் மூளையை ஸ்கேன் செய்து, நண்பர்களோடு சிரித்த பிறகு எண்டார்ஃபின் போன்ற, மூளையின் சொந்த வலிநிவாரணிகளான ஓபியாய்டுகள் வெளியாவதை நேரடியாகவே காட்டினார்கள்.

முதலில் வருவது மோனோலாக், தொகுப்பாளர் நின்றபடி அன்றைய செய்திகளைக் கிண்டலடிக்கும் பகுதி. எழுத்தாளர்கள் காலையில் ஏராளமாக எழுதுவார்கள், மாலைக்குள் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். 2023 மே மாதம் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது முதலில் நின்றுபோனவை இந்த நிகழ்ச்சிகள்தான். சீரியலைப் போல முன்கூட்டியே எடுத்து அடுக்கிவைக்க வழியில்லை. ஜோக் எடுபடாமல் போவதும் உண்டு. கார்சன் அதையே பிழைப்பாக்கியவர். மொக்கை வாங்கியதும் மேடையில் இருக்கும் பேண்ட் வாத்தியக் குழு ஒரு மெட்டை எடுக்கும், அவர் சின்னதாக ஓர் ஆட்டம் போடுவார். ஜோக்கைவிட அந்த ஆட்டத்துக்கு அதிகம் சிரிப்பார்கள். பக்கத்தில் அவருடைய துணைத் தொகுப்பாளர் எட் மக்மஹோன் உட்கார்ந்து உரக்கச் சிரித்துக்கொண்டிருப்பார். 30 ஆண்டுகள் அதற்குச் சம்பளம் வாங்கினார். புரோவைன் கணக்கைப் பார்த்தால் வீண் செலவாகத் தெரியவில்லை.

அடுத்து விருந்தினர். இங்கேதான் சூட்சுமம் அதிகம்.

திரையில் தெரிவது, ஒரு நட்சத்திரம் சும்மா வந்து உட்கார்ந்து, 'போன வாரம் ஏர்போர்ட்ல என்னாச்சு தெரியுமா' என்று அரட்டை அடிப்பது. உண்மையில் அந்த அரட்டை சில நாள் முன்பே ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது. செக்மென்ட் புரொட்யூசர் என்று ஒரு பணி உண்டு. அவர் நட்சத்திரத்தைத் தொலைபேசியில் பிடித்து நிதானமாகப் பேசுவார். குழந்தைகள், பயணம், நாய், பழைய வேலை, அவமானப்பட்ட கதை என்று தோண்டுவார். கிடைத்ததில் இரண்டு மூன்றைத் தேர்ந்து வரிசைப்படுத்தி, பலவீனமானதை நடுவில் போட்டு, பலமானதைக் கடைசிக்கு வைப்பார். தொகுப்பாளர் மேசையில் இருக்கும் அட்டையில் இந்தக் கதைகளின் தலைப்புகள்தான் இருக்கும். 'உங்களுக்கும் ஏர்போர்ட்டுக்கும் ராசி இல்லையாமே' என்று அவர் கேட்பது கேள்வியல்ல, எடுத்துக்கொடுப்பது.

இது மோசடியா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு எட்டு நிமிடத்தில், சில நூறு பேர் முன்னால், மூன்று கதைகளைச் சிரிப்பு வரும்படி சொல்லக்கூடிய மனிதர்கள் எவ்வளவு பேர்? நடிகர்கள் பிறர் எழுதிய வசனத்தில் பழகியவர்கள், சொந்தமாகப் பேச வரும்போது பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சில தொகுப்பாளர்கள் கதையின் முடிவைக் கேட்டுவைத்துக்கொள்ள மாட்டார்கள். காரணம் உண்டு. சிரிப்பின் ஒலியிலிருந்தே சிரிப்பவர்களின் நெருக்கத்தை நாம் ஓரளவு கண்டுபிடிக்கிறோம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் ஒலியை ஒரே ஒரு விநாடி மட்டும் 24 சமூகங்களைச் சேர்ந்த 966 பேருக்குப் போட்டுக்காட்டி, சிரிப்பவர்கள் நண்பர்களா, அறிமுகமற்றவர்களா என்று கேட்டார்கள். சொன்ன பதில்களில் 61 சதவீதம் சரி. மொழி தெரியாது, முகம் தெரியாது, ஒரு விநாடி. குருட்டாம்போக்கில் சொன்னால் 50தான் வரும். தொகுப்பாளரும் விருந்தினரும் சிரிக்கும்போது நமக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நாள்தோறும் யாருக்கும் விழுந்து விழுந்து சிரிக்கும் தொகுப்பாளரை நேயர்கள் சீக்கிரமே சந்தேகிப்பதும் இதனால்தான்.

நட்சத்திரத்தைக் கோமாளியாக்கும் ஸ்கெட்ச் என்ற குட்டி நாடகங்கள் எங்கிருந்து வலிமை பெறுகின்றன? 1966இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் செய்த சோதனை இங்கே உதவும். வினாடிவினாப் போட்டிக்கான தேர்வின் ஒலிப்பதிவு என்று சொல்லி மாணவர்களைக் கேட்கவைத்தார். ஒருவர் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார், இன்னொருவர் 30 சதவீதம்தான். சில பதிவுகளில் கடைசியில் அவர் காபியைத் தன் புது சூட்டில் கொட்டிக்கொள்வதும் கேட்கும். கெட்டிக்காரர் காபியைக் கொட்டியபோது அவரை முன்பைவிட அதிகம் பிடித்துப்போனது. சுமாரானவர் கொட்டியபோது இருந்த கொஞ்ச மதிப்பும் போனது. தடுமாறி அழகாகத் தெரிய, முதலில் உயரத்தில் இருக்க வேண்டும். ஆஸ்கர் வாங்கியவர் ஸ்டூடியோவில் முட்டையைத் தலையில் உடைத்துக்கொள்வதன் பொருளாதாரம் இதுதான்.

ஜிம்மி கிம்மெல் என்ற தொகுப்பாளரின் நிகழ்ச்சியில் 2012இல் தொடங்கிய 'மீன் ட்வீட்ஸ்' (வன்மமான ட்வீட்டுகள்) இதன் சுத்தமான வடிவம். தங்களைத் திட்டி யாரோ எழுதியதை நட்சத்திரங்களே கேமராவைப் பார்த்து நிதானமாக வாசிப்பார்கள். பீட்டர் மக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் முன்வைத்த விளக்கம் இதற்கு அப்படியே பொருந்தும்: ஏதோ ஒன்று வரம்பு மீற வேண்டும், அதே கணத்தில் அதனால் பாதகமில்லை என்றும் தெரிய வேண்டும், அப்போது சிரிப்பு வரும். வசவு வரம்பு மீறல். வாங்கியவரே வாசிப்பது, பாதகமில்லை என்ற அத்தாட்சி. இதையே தொகுப்பாளர் வாசித்திருந்தால் பாதிப் பேர் முகம் சுளித்திருப்பார்கள்.

கிம்மெலின் இன்னொரு சரக்கு ஹாலிவுட் நடிகர் மேட் டேமன். நிகழ்ச்சி முடிவில், 'மேட் டேமனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம், நேரமில்லாமல் போய்விட்டது' என்பார். டேமனை அழைத்திருக்கவே மாட்டார்கள். சுமாரான விருந்தினர்கள் வந்த ஒரு நாள், தன் தயாரிப்பாளரைச் சிரிக்கவைக்கச் சொன்னது, அவர் சிரித்தார், பிறகு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2013 ஜனவரியில் டேமன் வந்து கிம்மெலை நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு நிகழ்ச்சியை நடத்தினார். வாராத விருந்தினரை வைத்து இவ்வளவு காலம் ஓட்டியவர் வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

இந்த இயந்திரத்தில் ஒரு பாகத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை யாரும் திட்டமிடாமலே 2020 காட்டியது. கொரோனாவால் மார்ச்சில் அரங்கங்கள் மூடப்பட்டன. மார்ச் 16 அன்று 'தி லேட் ஷோ' தொகுப்பாளர் ஸ்டீஃபன் கோல்பேர் தன் வீட்டுக் குளியல்தொட்டியில் சூட் போட்டு உட்கார்ந்து மோனோலாக் சொன்னார். அதே எழுத்தாளர்கள், அதே தரம், ஆனால் ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னும் ஒரு பள்ளம். எப்போது அடுத்த வரியைத் தொடங்குவது என்று சொல்ல எதிரில் யாருமில்லை. சிரிப்பு வாக்கியத்தின் முடிவில் வந்து உட்காரும் என்று புரோவைன் சொன்ன அந்த இடம் காலியாகக் கிடந்தது. பிறகு அரங்கக் கட்டடத்திலேயே ஒரு சின்ன அறைக்கு மாறினார். கேமராவுக்கு அப்பால் மனைவி ஈவி உட்கார்ந்து சிரித்தார். அந்த ஒற்றைச் சிரிப்பு வந்ததுமே கோல்பேரின் பேச்சில் நடை திரும்பியது. 2021 ஜூன் 14 அன்று கூட்டம் திரும்பும்வரை ஏறக்குறைய அவர்தான் அரங்கம்.

இதற்கிடையில் பார்க்கும் வழியும் மாறியிருந்தது. நியூயார்க்கில் இரவு 11:35 என்றால் கோடைக்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 9:05. நாம் பெரும்பாலும் பார்ப்பது முழு நிகழ்ச்சியையல்ல, யூடியூபில் ஐந்து நிமிடத் துண்டை. அமெரிக்கர்களும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள். அதனால் பேட்டி குறைந்து விளையாட்டு பெருகியது. விளையாட்டுக்கு முன்கதை வேண்டாம், விருந்தினருக்குக் கதை சொல்லும் திறமையும் வேண்டாம். விதியே சில விநாடிக்கு ஒருமுறை ஒரு தடுமாற்றத்தை உண்டாக்கிவிடும். 2015இல் ஜேம்ஸ் கார்டன் என்ற தொகுப்பாளர் பாடகர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பாடியபடி ஓட்டத் தொடங்கினார். அதில் அரங்கமே கிடையாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல், சாலையைப் பார்த்துப் பேசுகிறார்கள். சிரிப்பு காருக்குள்ளிருந்தே வருகிறது, பார்ப்பவர் பின்சீட்டுக்காரர். தொலைக்காட்சிப் பணம் குறைந்தபடியே இருக்கிறது. 2025 ஜூலையில் சிபிஎஸ் தொலைக்காட்சி, கோல்பேர் நடத்திவந்த 'தி லேட் ஷோ'வை 2026 மே மாதம் நிறுத்துவதாக அறிவித்தது.

நட்சத்திரங்கள் இப்போது விரும்பிப் போகும் இடங்களில் ஒன்று, 2015இல் யூடியூபில் தொடங்கிய 'ஹாட் ஒன்ஸ்'. ஷான் எவன்ஸ் கேள்வி கேட்பார். விருந்தினர் பத்துக் கோழி இறக்கைகளைச் சாப்பிட வேண்டும், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் காரம். பார்வையாளர் இல்லை, பேண்ட் வாத்தியம் இல்லை, சோபா இல்லை. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் நாக்கில் வெப்பத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. எரிகிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது. கண்ணில் நீர், மூக்கில் நீர், வியர்வை. ஒப்பித்து வந்த கதை ஏழாவது இறக்கையில் பாதியில் அறுந்துவிடும். ஆரன்சனின் காபியை இங்கே மிளகாய் கொட்டுகிறது. பக்கத்தில் பாலும் தண்ணீரும் வைத்திருப்பார்கள். பாலின் கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், தண்ணீர் அதைச் செய்யாது. முதலில் தண்ணீரை எடுக்கும் விருந்தினரைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் சிரிப்பதற்கு எந்த அரங்கமும் தேவைப்படுவதில்லை.